டேங்குக்குள் எடுத்த அளவு வரம்புக்குக் கீழே, ஆனால் ஆட்கள் இருமுகிறார்கள். எங்கே தவறவிட்டேன்?

டேங்க்_டாப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்டாக (வேலையிடத்துக் காற்று, தூசி, சத்தத்தை அளந்து ஆட்களைக் காப்பவர்) சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. முன்பு மருந்து ஆலையில் இருந்தேன். அங்கே ஆள் ஒரே இடத்தில் நிற்பார், காற்றும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே காலை எட்டு மணிக்கு மேல்தளத்தில் நிற்கிறவர் பத்து மணிக்கு கப்பலின் அடியில் இரட்டைத் தளத்துக்கு நடுவே இருக்கும் டபுள் பாட்டம் டேங்குக்குள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வெல்டிங் அடிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வெல்டர்களுக்குக் காலரில் ஃபில்டர் கேசட் மாட்டி, இடுப்பில் பம்ப் கட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் முழு ஷிஃப்டும் காற்று இழுத்தேன். கேசட் வெல்டிங் ஹெல்மெட்டுக்கு உள்பக்கம் வருகிற மாதிரிதான் வைத்தேன். காலையில் பார்த்த பம்ப் ஓட்டத்துக்கும் மாலையில் பார்த்ததுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள். லேப் முடிவில் இரும்பு, மாங்கனீசு இரண்டுமே வரம்புக்குக் கீழே. மேலாளர் கோப்பை மூடிவிட்டார். "யாராவது கேட்டால் மாஸ்க் கொடு" என்பதோடு பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. டேங்கிலிருந்து ஏறி வருகிறவர்கள் துப்பினால் கருப்பாக வருகிறது. இரண்டு பேருக்குத் திங்கட்கிழமை ராத்திரி குளிர்க்காய்ச்சல், புதன்கிழமை காலையில் ஒன்றுமே இல்லாத மாதிரி வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் கேசட்டை அணிந்தவர். ஆறு பேரில் அவருடைய அளவுதான் மிகக் குறைவு. அளவெடுத்ததில் தப்பா, நான் புரிந்துகொண்டதில் தப்பா?

---

பழைய_பம்ப் எழுதியது:

தம்பி, பம்ப் சரிபார்ப்பெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு.

வரம்பு என்றீர்களே, எந்த வரம்பு? மாங்கனீசுக்கு அமெரிக்கச் சட்டத்தில் இன்னும் கனமீட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற பழைய உச்ச வரம்புதான் இருக்கிறது. ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பின் பரிந்துரையோ 2013-ல் நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளுக்கு 0.02 மில்லிகிராம் என்று இறங்கிவிட்டது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 250 மடங்கு. ஒரே ஃபில்டர் ஒரு கணக்கில் பாஸ், இன்னொரு கணக்கில் ஃபெயில். இத்தனைக்கும் சுவாசிக்கிற நெஞ்சு ஒன்றுதான். உங்கள் அறிக்கையில் எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

நுண்துகளுக்குச் சைக்ளோன், அதாவது பெரிய துகளைச் சுழற்றிப் பிரித்துவிடும் சிறு கருவி, மாட்ட வேண்டும். வெறும் கேசட்டில் வருவது மொத்தத் தூசி. வெல்டிங் புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது என்பதால் வெல்டிங் மட்டும் நடந்தால் பெரிய வித்தியாசம் வராது. பக்கத்திலேயே கிரைண்டிங் ஓடினால் கணக்கு குழம்பும்.

அடுத்ததுதான் முக்கியம். அன்றைக்கு ஒவ்வொரு ஆளும் எத்தனை நிமிடம் ஆர்க் எரித்தார் என்று குறிப்பு இருக்கிறதா? எந்த டேங்க், எத்தனை மேன்ஹோல் திறந்திருந்தது, ப்ளோவர் எந்தப் பக்கம் ஊதியது, டேங்குக்குள் வேறு யார் இருந்தார்கள்? இந்தக் குறிப்பு இல்லாத எண், முகவரி இல்லாத கடிதம்.

துத்தநாகம் பார்க்கச் சொன்னீர்களா? நீங்கள் சொல்கிற காய்ச்சலைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

---

ஆர்க்_கண் எழுதியது:

சார், நான் ஹைஜீனிஸ்ட் இல்ல. பதினாலு வருஷமா வெல்டர். எங்க யார்டுலயும் இப்படி ஒரு சார் வந்து பம்ப் கட்டுனாரு. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், உங்களுக்குப் பிரயோஜனப்படும்.

பம்ப் கட்டுற நாளுன்னு ஃபோர்மேனுக்கு முந்தின நாளே தெரியும். அன்னைக்கு எங்கள டேங்குக்குள்ள ஃபிட்டப் பண்ண அனுப்புனாரு. டேக் போடுறது, பிளேட்டு இழுத்து ஜாயிண்ட் சேக்கிறது, அவ்வளவுதான். ரூட்டு, ஃபில்லிங், கவுஜிங்னு நெறையப் புகை வர்ற முழு வெல்டிங், வெட்டுற வேலை எல்லாம் அடுத்த நாள். பம்ப் எட்டு மணி நேரம் ஓடுச்சு, நான் ஆர்க் எரிச்சது நாப்பது நிமிஷம் இருந்தாப் பெருசு. ரிப்போர்ட்டுல என் பேருக்கு நேரா "திருப்திகரம்"னு இருந்துச்சு.

யாரும் ஏமாத்தணும்னு பண்ணலை. பம்போட ட்யூபு சூட்டுல கருகிடும்னு ஃபோர்மேனுக்குப் பயம். ஆனா எங்க நெஞ்சுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

உங்க ஆளுங்ககிட்ட டீ நேரத்துல கேட்டுப் பாருங்க, "அன்னைக்கு என்ன வேலை பாத்தீங்க"ன்னு. ஆபீசுல கூப்பிட்டுக் கேக்காதீங்க. டேங்கு பக்கத்துலயே உக்காந்து கேளுங்க.

---

உலர்துறை எழுதியது:

சேஃப்டி ஆபீசராக இதே மாதிரி யார்டில்தான் இருக்கிறேன். ஹைஜீனிஸ்ட்டுகள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் டாக்கில் இருக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கு. உங்கள் சைக்ளோனுக்கும் லேப் முடிவுக்கும் இரண்டு வாரம் காத்திருந்தால் அதற்குள் கப்பல் போய்விடும், அதே வெல்டர் அடுத்த கப்பலில் வேறு டேங்கில் இருப்பார். அளந்து முடித்துத்தான் பாதுகாப்பு என்றால் எந்த ஆளுக்கும் பாதுகாப்பு கிடைக்காது.

நாங்கள் செய்தது இது. பேட்டரியில் காற்று ஊதும் ஹெல்மெட் வாங்கி டேங்க் வெல்டர்கள் எல்லாருக்கும் கொடுத்தோம். ஆட்களுக்கும் பிடித்திருக்கிறது, முகம் வேர்ப்பதில்லை. மேலாளர் மாஸ்க் கொடு என்பதை இவ்வளவு கீழாகப் பார்க்க வேண்டாம்.

---

பழைய_பம்ப் எழுதியது:

உலர்துறை சார், பாதி உங்கள் பக்கம்தான் நான். அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது முழு உண்மை. டேங்குக்குள் வெல்டிங் புகை கெடுதலா என்று யாரும் இனிப் புதிதாக அளந்து நிரூபிக்க வேண்டியதில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2017-ல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 2019 பிப்ரவரியில் பிரிட்டன் தன் ஆய்வாளர்களுக்கு நேராகவே சொல்லிவிட்டது: சாதாரண மைல்டு ஸ்டீல் என்றாலும் கட்டடத்துக்குள் வெல்டிங் செய்தால் புகை உறிஞ்சி வேண்டும், வெறும் பொதுக் காற்றோட்டம் போதாது என்று.

மறுபாதியில் உடன்பாடில்லை. உங்கள் ஹெல்மெட் டேங்கில் இருக்கிற காற்றைத்தான் வடிகட்டித் தருகிறது, புதுக் காற்றை உண்டாக்குவதில்லை. வெல்டிங்குக்குப் பயன்படுத்தும் ஆர்கான் வாயு தேங்கிக் கிடக்கிற டேங்கில் அதைப் போட்டுக்கொண்டு இறங்குகிறவர் மிகச் சுத்தமான, ஆக்சிஜன் இல்லாத காற்றைச் சுவாசித்து விழுவார். இதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லாத யார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஹெல்மெட் போட்டவருக்கு மட்டும்தான் பாதுகாப்பு. டேங்குக்குள் ஹெல்பர் இருக்கிறார், தீக்காவல் பார்க்கிறவர் இருக்கிறார், அடுத்த அறையில் பெயிண்ட் சுரண்டுகிறவர் இருக்கிறார்.

காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், எல்லாரும் தவறு செய்கிற இடம் இதுதான். ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒன்றல்ல. ஊதுகிற குழாயின் காற்று, குழாய் விட்டத்தைப் போல முப்பது மடங்கு தூரம் போன பிறகும் வாயில் இருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருக்கும். உறிஞ்சுகிற குழாயிலோ ஒரே ஒரு விட்டம் தள்ளிப் போனதுமே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். உதட்டைக் குவித்து ஊதினால் மெழுகுவர்த்தி அணையும், அதே தூரத்தில் இருந்து இழுத்து அணைக்க முடியாது. ஆகவே 20 சென்டிமீட்டர் உறிஞ்சு குழாயை ஆர்க்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டிருந்தால் அது பெயருக்குத்தான் இருக்கிறது. வாய் ஆர்க்கிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஜாயிண்ட் நகர நகர அதையும் நகர்த்த வேண்டும். நகர்த்தத் தனியாக ஓர் ஆள் இல்லாவிட்டால் அது நடக்காது. அந்த ஆளுடைய கூலியைக் கேட்டு வாங்குவதும் ஹைஜீனிஸ்ட் வேலைதான்.

புதுக் காற்றுக் குழாய் டேங்கின் அடிவரை இறங்க வேண்டும். மேன்ஹோல் வாயில் வைத்து ஊதினால் காற்று இரண்டு மீட்டர் இறங்கி அப்படியே திரும்பி மேலே வந்துவிடும். ப்ளோவர் சத்தம் கேட்கும், எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும், கீழே புகை அசையாது.

---

உலர்துறை எழுதியது:

ஆர்கான் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. அதை நேரில் பார்த்தவன் நான். பல வருடம் முன்பு, வேறு யார்டு. மதிய இடைவேளையில் டார்ச்சை டேங்குக்குள்ளேயே போட்டுவிட்டு மேலே வந்துவிட்டார்கள். வால்வில் லேசான கசிவு. ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், வாசனை இல்லை, நிறம் இல்லை. ஒரு மணி நேரத்தில் அடியில் தேங்கிவிட்டது. முதலில் இறங்கிய பையன் ஏணியின் கடைசிப் படியில் குனிந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலே நின்றவர் பின்னாலேயே இறங்கப் போனார், அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். மூச்சுக்கருவி மாட்டிய மீட்புக் குழு வந்து தூக்கியது. பையன் பிழைத்தார். காலையில் எடுத்த பெர்மிட்டில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், அதாவது இயல்பான அளவு, என்று எழுதியிருந்தது. அது காலை எட்டு மணிக் காற்று.

அன்றிலிருந்து எங்களிடம் டார்ச்சும் ஹோஸும் இடைவேளைக்கு வெளியே வந்தாக வேண்டும், வால்வு வெளியே மூட வேண்டும், திரும்ப இறங்குமுன் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் மீண்டும் அளக்க வேண்டும். ஆக்சிஜனை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் எரிவாயு சென்சார் பொய் சொல்லும்.

---

நெஞ்சுப்படம் எழுதியது:

தொழில்சார் மருத்துவம் பார்க்கிற டாக்டர் நான். திங்கட்கிழமைக் காய்ச்சல் பற்றி.

அது அநேகமாக உலோகப்புகைக் காய்ச்சல். துத்தநாகம் பூசிய தகட்டிலோ, துத்தநாகம் கலந்த ஷாப் பிரைமர் (தகடு துருப்பிடிக்காமல் இருக்க முன்கூட்டியே அடிக்கும் பூச்சு) மேலோ வெல்டிங் அடித்தால் வரும். புகை உள்ளே போய்ச் சில மணி நேரம் கழித்து நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி. ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும். தினமும் படப்பட உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும், வார விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், திங்கட்கிழமை மறுபடி அடிக்கும். இதை ஃப்ளூ என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எந்த வேலை பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்கிற டாக்டர் குறைவு. 1700-ல் ராமாஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதியபோதே நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேட்கச் சொன்னார். மூன்று நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் சீட்டு எழுதுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வேதனை.

டேங்க்_டாப், அந்த இரண்டு பேரின் தேதியையும் வேலையையும் சேர்த்து எழுதி வையுங்கள். உங்கள் ஃபில்டர் சொல்லாததை அந்தத் தேதிகள் சொல்லும். வெல்டர்களுக்கு நியுமோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் நிமோனியா வரும் வாய்ப்பும் அதிகம். அதனால்தான் பிரிட்டனில் அவர்களுக்கு அந்தத் தடுப்பூசியைப் பரிசீலிக்கச் சொல்கிறார்கள். உங்கள் யார்டு மருத்துவரிடம் இதையும் பேசுங்கள்.

---

கிரிட்_பிளாஸ்ட் எழுதியது:

வெல்டிங்கைப் பற்றியே பேசுறீங்க. எங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. நான் பிளாஸ்டிங், அதாவது காத்து வேகத்துல துகளை அடிச்சுப் பழைய பெயிண்டை எடுக்கிற வேலை, அப்புறம் ஸ்ப்ரே பெயிண்டிங்.

இப்ப மணல் அடிக்கிறது இல்ல, காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்குன கசடு) இல்லேன்னா கார்னெட்ங்கிற கல்லுத் துகள். மணல் இல்லேன்னா பயமில்லன்னு சொல்றாங்க. கேள்வி என்னன்னா, ஹூட்டுக்குள்ள எனக்குக் காத்து வருது, சரி. அடிச்சு முடிச்சதும் ஹூட்டைக் கழட்டிட்டுத் தூசியைக் கூட்டி மூட்டை கட்டுறோம், அப்ப துணிதான் மூக்குல. இதைப் பத்தி ஒரு சாரும் பேசினதில்ல.

---

பழைய_பம்ப் எழுதியது:

கிரிட்_பிளாஸ்ட் தம்பி, நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

வார்ப்புகள் போன்ற பொருட்களைத் தொழிற்சாலையில் மணல் அடித்துச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949 விதிகளிலேயே தடுத்தது. காரணம் சிலிக்கோசிஸ், மணலில் இருக்கிற சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் நோய். ஸ்லாக்கில் சிலிக்கா மிகக் குறைவுதான். ஆனால் காப்பர் ஸ்லாக்கில் ஆர்செனிக், பெரிலியம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அதைவிட, நீங்கள் அடித்து எடுப்பது என்ன? பழைய பெயிண்ட். பழைய கப்பல் என்றால் ஈயச் சிவப்புப் பூச்சு இருக்கலாம், அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசிய டிபிடி (ட்ரைபியூட்டில்டின் என்ற நச்சு வெள்ளீயச் சேர்மம்) இருக்கலாம். டிபிடியைப் பன்னாட்டு ஒப்பந்தம் தடை செய்து அது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு மேற்பூச்சுக்கு அடியில் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே மூட்டை கட்டுகிற நேரமும் அளக்க வேண்டிய நேரம்தான். துணி போதாது. காய்ந்த தூசியைக் கூட்டாமல் வேக்குவம் கேளுங்கள்.

சத்தம்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம், மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். பிளாஸ்டிங் நாசிலுக்குப் பக்கத்தில் அதைத் தாண்டும், ஹூட்டுக்குள் வருகிற காற்றின் சத்தமும் அதோடு சேரும். ஹூட்டுக்கு உள்ளே காதடைப்பான் போடுங்கள்.

இரண்டு டின் கலக்கிற பாலியூரித்தேன் பெயிண்ட் ஸ்ப்ரே செய்தால் ஐசோசயனேட் என்ற, ஆஸ்துமா உண்டாக்கும் வேதிப்பொருள் வரும். கார்பன் மாஸ்க்கை நம்பாதீர்கள், வெளிக்காற்றுக் குழாய் வைத்த மாஸ்க்தான். ஒருமுறை ஆஸ்துமாவாகப் பற்றிக்கொண்டால் அதன் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். அந்த ஆள் பெயிண்டர் வேலையையே விட வேண்டி வரும்.

---

டேங்க்_டாப் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆர்க்_கண் சொன்னபடி ஆட்களோடு டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆறு பேரில் நான்கு பேர் அன்றைக்கு ஃபிட்டப்தான் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்தவர் என் கேசட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓவர்டைமில் மூன்று மணி நேரம் பிரைமர் தகட்டில் ஃபில்லிங் அடித்திருக்கிறார். என் அறிக்கையில் அந்த மூன்று மணி நேரம் இல்லவே இல்லை. லேபில் துத்தநாகம் நான் கேட்கவும் இல்லை. வரம்பும் பழைய 5 மில்லிகிராம்தான். மேலாளரிடம் போய், அந்த அறிக்கை டேங்க் வெல்டிங்கைப் பற்றியது அல்ல என்று எழுத்தில் கொடுத்துத் திரும்பப் பெற்றேன். அவர் கோபப்பட்டார். பிறகு காய்ச்சல் தேதிகளை ஓவர்டைம் பதிவோடு சேர்த்து ஒரே தாளில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார், "சரி, மறுபடி எடு" என்றார்.

மறுபடி எடுத்தபோது நானும் இறங்கினேன். மூன்றாவது தடுப்பறை. உள்ளே போக 60 சென்டிமீட்டர் ஓட்டை, தோளைச் சாய்த்தால்தான் நுழைய முடியும். வெல்டர் படுத்திருந்தார், ஆர்க் முகத்திலிருந்து ஒரு முழம் கூட இல்லை. புகை அவர் நெற்றியைத் தொட்டு மேலே போய், தகட்டின் அடிப்பக்கத்தில் பரவி, மெதுவாக மேன்ஹோல் பக்கம் நகர்ந்தது. டார்ச் லைட்டை அடித்து அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் புகை வெளியேறுகிற ஒரே வாயில், எட்டு மணி நேரமும் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். மேன்ஹோல் காவலர். அவருக்கு ஹெல்மெட் இல்லை, மாஸ்க் இல்லை, "வெளியே" இருப்பவர் என்பதால் என் பட்டியலிலும் இல்லை.

மறுநாள் அவருக்கும் கேசட் கட்டினேன். சாயந்திரம் கழற்றும்போதே தெரிந்தது. வெல்டரின் ஃபில்டர் வெளிர் துரு நிறம். இவருடையது அடர்ந்த பழுப்பு, விளிம்புவரை. லேப் முடிவில் மாங்கனீசு வெல்டரைவிட அதிகம், இரண்டு பேருமே 0.02-ஐத் தாண்டியிருந்தார்கள். துத்தநாகமும் வந்திருக்கிறது.

இப்போது செய்திருப்பது: புதுக் காற்றுக் குழாய் அடிவரை, உறிஞ்சு குழாய் ஆர்க் பக்கத்தில், அதை நகர்த்த ஓர் ஆள் (இதற்குத்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது), உறிஞ்சின புகை மேன்ஹோல் வாயில் கொட்டாமல் டாக்கின் விளிம்புவரை தனிக் குழாயில் போகிறது, ஜாயிண்டின் இரு பக்கமும் பிரைமரைச் சுரண்டிவிட்டுத்தான் வெல்டிங், காவலர் காற்று வருகிற பக்கத்தில் உட்காருகிறார். பேட்டரி ஹெல்மெட்டும் வாங்குகிறோம், உலர்துறை சார், ஆக்சிஜன் எச்சரிக்கையோடு. ஓவர்டைமையும் சேர்த்து மறுபடி அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

---

ஆர்க்_கண் எழுதியது:

சார், அந்த மேன்ஹோல் ஆளுகிட்ட அவரோட நம்பரைச் சொன்னீங்களா? பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட என் ரிசல்ட்டை என்கிட்ட யாரும் படிச்சுக் காட்டினதில்ல. மேல சொன்ன "திருப்திகரம்"கூட நானா ஃபைல்ல பாத்ததுதான்.

---

டேங்க்_டாப் எழுதியது:

சொன்னேன் அண்ணே. ஃபில்டரின் படத்தையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு முந்தின கப்பல்லயும் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார். அவருக்கும், அந்தக் கப்பலில் காவல் பார்த்த மற்ற நால்வருக்கும் நுரையீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பழைய_பம்ப் சார், அடுத்த வாரம் ஸ்டெயின்லெஸ் குழாய் வேலை வருகிறது. அந்தப் புகையில் வரும், புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு எப்படி எடுக்க வேண்டும்?

---

பழைய_பம்ப் எழுதியது:

பிவிசி ஃபில்டர் போடுங்கள், சாதாரண செல்லுலோஸ் வேண்டாம். எடுத்த அன்றே லேபுக்கு அனுப்புங்கள். ஃபில்டரில் கிடக்கக் கிடக்க ஆறு இணைதிறன் மூன்றாக மாறிவிடும், முடிவு உண்மையைவிடக் குறைவாக வரும். அமெரிக்க வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 2006-க்கு முன் 52 ஆக இருந்தது. உங்கள் யார்டு கோப்பில் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இந்த முறை முதலிலேயே பாருங்கள். காவலருக்கும் ஒரு கேசட் எடுத்து வையுங்கள்.